அறுபது வாசரும் ஒரு பழைய மூடியும்

கொழும்புக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் ஆலையில் எட்டு வருஷம் வேலை பார்த்தேன். என்ன வேலை என்று ஊரில் யாராவது கேட்டால் "தரக் கட்டுப்பாடு" என்பேன். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையை ஆட்டுவார்கள். உண்மையில் நான் செய்தது, மற்றவர்கள் பாடுபட்டுச் செய்துகொண்டு வரும் சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கூடாது என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியதுதான். அந்த எட்டு வருஷத்தில் என் கையால் ஒரு பொருளைச் செய்ததில்லை. ஆனால் செய்கிறவர்களுக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று மணிக்கணக்கில் சொல்லியிருக்கிறேன்.

கல்யாணமாகி மலைநாட்டுப் பதுளைக்கு வந்தேன். பஜாரில் கணவருக்குப் பாத்திரக் கடை. குக்கர், அடுப்பு, மிக்சி, அவற்றின் உதிரிச் சாமான் எல்லாம் உண்டு. கல்லாப் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார்கள். அங்கேயும் என் கை சும்மா இருக்கவில்லை. டம்ளரில் கீறல், மூடியில் நெளிவு என்று எடுத்து ஒதுக்க ஆரம்பித்தேன். மொத்தக் கடைகளிலிருந்து சாமான் கொண்டு வரும் விற்பனையாளர்கள் என் கணவர் இருக்கிறாரா என்று வெளியிலிருந்தே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

பிறகு கேஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்ற வருஷம் வந்தது. கேஸை மிச்சம் பிடிக்க எல்லாரும் பரண்மேல் கிடந்த குக்கரை இறக்கினார்கள். இறக்கிய குக்கரில் பாதிக்கு மூடிக்குள் பதிக்கும் ரப்பர் வாசர் வெடித்தோ தொளதொளத்தோ போயிருந்தது. புது வாசர் இந்தியாவிலிருந்து வர வேண்டும். டொலர் இல்லை, கப்பல் இல்லை, வாசர் இல்லை. ஒரு நாளைக்கு இருபது பேராவது கடைப் படியேறி, பழைய ரப்பர் வளையத்தைக் கையில் தொங்கவிட்டபடி, "இந்த அளவு இருக்குங்களா?" என்று கேட்டார்கள். கணவர் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், ஒரு நாள் சாப்பிடும்போது புலம்பினார்.

"ஒரு ரப்பர் வளையம். இத செய்ய இந்த நாட்டுல ஆளே இல்லையா?"

"நான் செய்றேன்" என்றேன்.

"நீயா?"

"ஏன்? எட்டு வருஷம் ரப்பர்லதான இருந்தேன்?"

அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

குக்கர் வாசரைச் சாதாரண ரப்பரில் செய்தால் சூட்டில் சீக்கிரம் இறுகிவிடும். சிலிக்கோனில் செய்வதுதான் நல்லது. முதலில் மாதிரி ஒன்று. இரண்டு போத்தல் திரவம் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். இரண்டையும் கலந்து அச்சில் ஊற்றி வைத்தால் அடுப்பும் நெருப்பும் இல்லாமலே ஒரு நாளில் ரப்பராக இறுகிவிடும். அச்சுக்கு, பஸ் நிலையத்துக்குப் பின்னால் லேத் பட்டறை வைத்திருக்கும் சிங்கள பாஸிடம், அதாவது மேஸ்திரியிடம், போனேன். அவர் அலுமினியத் தட்டில் வட்டமாகப் பள்ளம் எடுத்துக் கொடுத்தார்.

ஆலையில் பழகிய சுத்தத்தோடு, கையுறை போட்டு, அச்சின் பள்ளத்தை விரலால் தடவித் துடைத்து, திரவத்தைக் கலந்து ஊற்றினேன். மறுநாள் பார்த்தால் வளையம் அங்கங்கே இறுகியிருந்தது, அங்கங்கே கருப்பட்டிப் பாகு மாதிரிக் கையோடு வந்தது. பதுளைக் குளிர்தான் காரணம் என்று இரண்டாவதை அடுப்படியில் வைத்தேன். அதுவும் அப்படியே. அச்சில் எண்ணெய் இருந்திருக்கும் என்று லேத் பாஸைக் குறை சொன்னேன். அவர் அச்சை வாங்கிப் பெட்ரோலில் கழுவிக் கொடுத்தார், வரிசையில் நின்று வாங்கிய பெட்ரோல். மூன்றாவதும் ஒட்டியது. கொழும்புக் கடைக்காரரைப் போனில் பிடித்து, பழைய மருந்தை அனுப்பிவிட்டீர்கள் என்று சண்டை போட்டேன்.

நான்காவது வளையத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் கண்டேன். பாகாக இருந்த இடங்கள் ஒவ்வொன்றும் ஒரு விரல் அகலம். என் விரலை வைத்துப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்தியது. நான் போட்டிருந்தது மரப்பால் கையுறை. மரப்பால் ரப்பரில் கந்தகம் இருக்கும். கந்தகம் பட்ட இடத்தில் இந்தச் சிலிக்கோன் இறுகாது. இதைப் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். திருடி தன் கைரேகையை நாலு தடவை பதித்து வைத்துவிட்டு, ஊரெல்லாம் திருடனைத் தேடியிருக்கிறாள்.

லேத் பாஸிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கொழும்புக்குப் போன் போடத் தைரியம் வரவில்லை.

கையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு ஊற்றிய ஐந்தாவது வளையம் அழகாக வந்தது. எங்கள் வீட்டுக் குக்கரில் தண்ணீர் மட்டும் ஊற்றி வைத்தோம். விசில் அடித்தது. கணவர் கை தட்டினார். அந்த வளையத்தைக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, 'விரைவில்' என்று எழுதி ஒட்டினார். மறுநாளிலிருந்து பஜாரில் நான் நடந்து போனால் நான்கு கடைக்காரர்களாவது எழுந்து பேசினார்கள். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு வாரம்தான் என் தொழில் வாழ்க்கையின் உச்சம்.

ஒரு நாளைக்கு ஒன்று ஊற்றி ஊருக்குக் கொடுக்க முடியாது. நிறையச் செய்ய வேண்டுமானால் பரோட்டா மாவு போலிருக்கும் கெட்டிச் சிலிக்கோனை இரும்பு அச்சில் வைத்து, சூடான பிரஸ்ஸில் அழுத்த வேண்டும். மொனராகலைப் பக்கம் ரப்பர் கால்மிதி செய்து, மூடிப்போன ஒரு பட்டறையில் பழைய பிரஸ் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். கணவரே லொறி பிடித்துக்கொண்டு போய், பசறை மலைப்பாதை வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்தபடி அதைக் கொண்டுவந்தார். அதன் உயரம், அகலம் எல்லாம் நான் மில்லிமீட்டர் கணக்கில் குறித்து வைத்திருந்தேன். எங்கள் வீட்டுக் கொட்டகையின் கதவை அளக்கவில்லை. சுவரை உடைத்துத்தான் உள்ளே இறக்கினோம்.

இரும்பு அச்சுக்கு மறுபடி லேத் பாஸ். கண்ணாடிப் பெட்டியிலிருந்த வளையத்தைக் கொடுத்து, இதே அளவு, மயிரிழை பிசகக்கூடாது என்றேன். அவர் வளையத்தைத் திருப்பிப் பார்த்தார்.

"நோனா, இது சூட்டில செய்யிறது தானே? ஆறினா சின்னதாகாதா?"

"பாஸ், நீங்க இரும்ப பாருங்க. ரப்பர நான் பாத்துக்கிறேன்."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். வளையத்தை ஆணியில் மாட்டிவிட்டு இரும்பு தேடப் போனார்.

இதே நேரத்தில்தான் ஒரு அக்கா வேலைக்கு வந்தார். நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருபது வருஷம் கொழுந்து எடுத்தவர். முழங்கால் வலியால் மலை ஏற முடியாமல், கடையில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டு வந்தார். அச்சிலிருந்து வரும் வளையத்தின் ஓரத்தில் மெல்லிய பிசிறு இருக்கும், அதை நீக்க வேண்டும். கத்தரியை எந்தக் கோணத்தில் பிடிப்பது, எந்தத் திசையில் வெட்டுவது என்று அவருக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் டீ போட்டுக்கொண்டு திரும்பி வந்தபோது கத்தரி மேசையில் கிடந்தது. இரண்டு கைப் பெருவிரல்களாலும் அவர் பிசிறைக் கொழுந்து மாதிரிக் கிள்ளிக் கிள்ளி எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒன்று முடிப்பதற்குள் அவர் ஐந்து முடித்தார். அன்றோடு கத்தரியைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டேன்.

மின்வெட்டுக் காலம் அது. காலையில் சில மணி நேரம்தான் கரண்ட். பிரஸ் சூடேறவே அதில் பாதி போய்விடும். அதனால் கரண்ட் இருக்கும்போது ஒரு நிமிஷமும் வீணாகக்கூடாது என்று நான் குதித்துக்கொண்டிருந்தேன். பிசிறு வேலைக்கெல்லாம் முன்னால், முதல் நாள் முதல் வளையம் அச்சிலிருந்து வெளியே வந்ததும் அக்கா அதைத் தட்டில் வைத்து ஆற விட்டார்.

"மிஸ், இத ஒரு குக்கருல போட்டு பாப்பமா?"

"வேணாம் அக்கா. அளவெல்லாம் சரிதான். கரண்ட் போறதுக்குள்ள அடுத்தத வைங்க."

ஆலையில் ஒரு விதி உண்டு. முதல் பொருளைச் சோதிக்காமல் இரண்டாவதைச் செய்யக்கூடாது. அந்த விதியை மீறியதற்காக நான் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன், ஒருவரை அழவும் வைத்திருக்கிறேன். அந்த வாரம் அறுபது வளையங்கள் செய்தோம்.

அறுபதையும் கடைக்குக் கொண்டுபோன நாளில் கூட்டம் இருந்தது. கணவர் யாரிடம் என்ன சொல்லி வைத்தாரோ தெரியாது. அப்புத்தளையிலிருந்து ஒரு டீச்சர் குக்கர் மூடியோடு முதல் ஆளாக நின்றார். கணவர் ஒரு வளையத்தை எடுத்து, மூடிக்குள் பதித்து, எல்லாரும் பார்க்கும்படி மூடியைத் தூக்கிக் காட்டினார். வளையம் 'தொப்' என்று மேசையில் விழுந்தது.

இன்னொன்றை எடுத்தார். அதுவும் விழுந்தது. மூன்றாவதை நானே எடுத்துப் பதித்தேன். அது என் மடியில் விழுந்தது.

"ரப்பர் தான? இழுத்தா பெருசாகாதுங்களா?" என்று டீச்சர் நல்ல மனசோடு கேட்டார். வாங்கி இழுத்தும் பார்த்தார். விட்டதும் அது பழையபடி சுருங்கிக்கொண்டது. "நல்ல தரமான ரப்பர்" என்றார். அதைக் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சூடு காட்டாமல் இறுகும் சிலிக்கோன் சுருங்காது. சூட்டில் இறுகும் சிலிக்கோன் ஆறியதும் நூற்றுக்கு மூன்று சுருங்கும். மாதிரிக்கும் உற்பத்திக்கும் நடுவே உள்ள அந்த மூன்றை நான் மறந்துவிட்டேன். மறந்தேன் என்பதும் சரியில்லை. ஆலையின் வரைபடங்களில் 'சுருக்கம்' என்று ஒரு கட்டம் இருக்கும், அதை வேறு பிரிவு பார்த்துக்கொள்ளும் என்று எட்டு வருஷம் பார்க்காமலே தாண்டிப் போயிருக்கிறேன்.

வளையம் பெரிதாக வேண்டுமானால் அச்சின் பள்ளத்தை வெளிப்பக்கம் வெட்டலாம். ஆனால் உள்பக்கச் சுவர் நகர வேண்டுமே, இரும்பை எப்படி வளர்ப்பது? அச்சைத் தூக்கி எறிய வேண்டியதுதான் என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு பட்டறைக்குப் போனேன். லேத் பாஸ் அச்சைக் கவிழ்த்து, பின்னால் இருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றினார். நடு வட்டம் தனியாகக் கையோடு வந்தது.

"நடுவில உள்ளத வேற துண்டா செஞ்சேன் நோனா. இத மாத்திட்டு வெளிய கொஞ்சம் வெட்டினா சரி."

"ஏன் பாஸ் அப்படிச் செஞ்சீங்க?"

"நோனா திரும்பி வருவீங்கன்னு தெரியும்" என்று சொல்லி, அடுத்த இரும்பைப் பூட்டினார். எத்தனை மில்லிமீட்டர் கூட்ட வேண்டும் என்று இந்தத் தடவை இரண்டு பேருமாக உட்கார்ந்து கணக்குப் போட்டோம்.

புது அச்சில் வந்த முதல் வளையத்தை உடனே குக்கரில் போட்டோம். பிடித்துக்கொண்டது. விசிலும் அடித்தது. பருப்பு வேக வைத்தோம். திறந்தால் பருப்பில் ஆஸ்பத்திரி வாசம். சிலிக்கோனைச் சூட்டில் இறுக வைக்கும் மருந்தின் மிச்சம் அது. செய்த வளையங்களை மறுபடி அதிக சூட்டில் நான்கு மணி நேரம் வைத்தால்தான் அது வெளியேறும். அப்படிப்பட்ட அடுப்பு என்னிடம் இல்லை. தெரு முனை பேக்கரியில் விறகுப் போறணை இருந்தது.

பேக்கரி முதலாளி யோசித்தார். "தங்கச்சி, ரப்பர போறணையில போட்டா உருகிறாதா?"

அவருக்கும் ஒரு பாடம் நடத்தினேன். உருகாது, புகையாது, ஒரு தடயமும் இருக்காது என்றேன். பேக்கரிக்கு விடுமுறையான பௌர்ணமிப் போயா நாளன்று, பாண் ரொட்டி சுடும் தட்டுகளில் வளையங்களை அடுக்கி உள்ளே தள்ளினோம். வளையங்கள் மணமில்லாமல் அருமையாக வந்தன. அந்த மணம் எங்கே போயிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை முதலாளி கடைக்கே வந்தார். பேப்பரில் சுற்றிய ஒரு இறாத்தல் பாணை என் முன்னால் வைத்தார்.

"மோந்து பாருங்க."

மோந்து பார்த்தேன். ஆஸ்பத்திரி.

"இன்னைக்கி சுட்டது முழுக்க இப்பிடித்தான். ஒரு இறாத்தலும் விக்கல. ஒங்க மொகத்துக்காகத்தான் கத்தாம நிக்கிறேன்."

அன்று சுட்ட பாண் முழுவதையும் நாங்களே எடுத்துக்கொண்டு, வீட்டுத் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தோம். யாரும் தின்றுவிடக் கூடாது என்று நானே மேலே நின்று மிதித்தேன். முதலாளி இரண்டு நாள் வெறும் போறணையில் விறகு எரித்து மணத்தைப் போக்கினார். பிறகு ஒரு மாதம், பஜாரில் எழுந்து நின்று பேசிய அதே கடைக்காரர்கள் என் கணவரிடம், "இன்னைக்கி பாண் மருந்து போட்டதா, போடாததா?" என்று கேட்டார்கள். மூடிப்போன இன்னொரு பட்டறையிலிருந்து மின்சார அடுப்பு ஒன்றைத் தேடிப் பிடித்து, புகைபோக்கி வைத்துக் கொட்டகையில் பூட்டினோம்.

இப்படியாக அளவு சரி, மணம் சரி, பிசிறு சரி என்று ஒரு பெட்டி நிறைய வளையங்களைத் தயார் செய்ய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. பெட்டியைச் சுமந்துகொண்டு கடைக்குள் நுழைந்தேன். கணவர் மேசைக்குக் கீழே எதையோ காலால் தள்ளினார். குனிந்து பார்த்தேன். பளபளக்கும் உறையில், குக்கர் படம் போட்டு, இந்தியாவிலிருந்து வந்த வாசர்கள்.

"எப்ப வந்துச்சு?"

"போன வாரம்."

"யாரு ஓடர் போட்டது?"

அவர் தலையைச் சொறிந்தார். "நான்தான். கோவப்படாத. கேட்டு வர்ற ஆளுக்கு எத்தன மாசம் 'விரைவில்'ங்கிறது? கட நடத்துறவன் நான்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. அதனால்தான் மூன்று நாள் அவரோடு பேசவில்லை. என் வளையங்களையும் பக்கத்தில் வைத்தார். வருகிறவர்கள் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்து, பளபளப்பான உறையை வாங்கிக்கொண்டு போனார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் எடுத்திருப்பேன்.

கொட்டகையை மூடிவிடலாம் என்று முடிவு செய்து, அதை அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்த காலையில், அவர் ஒரு மூடியை என் முன்னால் வைத்தார். பழைய, கனமான, நெளிந்த மூடி. அந்த அளவு எங்கள் கடையில் இல்லை.

"எங்க லயத்துல ஒம்போது வூட்டுல இந்தக் குக்கருதான் மிஸ். மண் சரிஞ்சப்ப யாரோ குடுத்துட்டு போனாங்க. வாசர் போயி நாலு வருஷமாச்சு. எந்தக் கடையிலயும் இந்த அளவு இல்ல. சும்மா சட்டியா வச்சு ஆக்குறோம்."

"இத ஏன் அக்கா முன்னயே சொல்லல?"

"வந்த மொத மாசமே சொன்னேனே மிஸ். நீங்க அப்ப ஃபோன்ல யார்கிட்டயோ சண்ட போட்டுக்கிட்டு இருந்தீங்க."

லேத் பாஸும் அக்காவும் நானுமாக அந்த அளவுக்கு ஒரு அச்சு செய்தோம். முதல் வளையத்தை எடுத்துக்கொண்டு நானும் அக்காவோடு நமுனுகுல பஸ்ஸில் ஏறினேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகள் கொண்ட லயத்தில் அவர் வீட்டு அடுப்பில் விறகு மூட்டி, ஊற வைத்த கடலையைக் குக்கரில் போட்டு, வளையத்தைப் பதித்து மூடினார். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். ஆவி ஏற ஏற மூடி லேசாக நடுங்கியது. எனக்கு அறுபது வளையமும் வரிசையாகக் கண்ணுக்குள் விழுந்தன. என்னை அறியாமல் ஓரடி பின்வாங்கினேன், பிறகு இன்னொரு அடி. விசில் அடித்தபோது நான் வீட்டுக்கு வெளியே, கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"மிஸ் எங்க? மிஸ்ஸ காணோம்?" என்று உள்ளே தேடினார்கள்.

"இந்தா இருக்காங்க. கதவ புடிச்சிக்கிட்டு நிக்கிறாங்க" என்று யாரோ சொல்ல, லயமே சிரித்தது. அக்கா சிரித்துச் சிரித்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கடலை நன்றாக வெந்திருந்தது. நறுக்கிய தேங்காய்ச் சொட்டு போட்டுத் தாளித்து, முதல் தட்டை எனக்குக் கொடுத்தார்கள். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூடிகள் வந்து வாசலில் குவிந்தன. ஒன்றாவது சரியான வட்டமாக இல்லை. நான் அளவு நாடாவோடு தடுமாற, அக்கா உள்ளங்கையை உள்ளே வைத்துப் பார்த்து, இது சேரும், இது சேராது, இதைத் தட்டி நிமிர்த்த வேண்டும் என்று பிரித்து வைத்தார்.

இப்போது பழைய குக்கர்களுக்குத்தான் வாசர் செய்கிறோம். வேறு எங்கும் கிடைக்காத ஏழெட்டு அளவுகளுக்கு அச்சு இருக்கிறது. பிரஸ்ஸை அக்காதான் இயக்குகிறார். நான் அச்சுக்குக் கணக்குப் போடுகிறேன், போட்டதை லேத் பாஸ் சரிபார்க்கிறார். பசறையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் பஸ் கண்டக்டர்கள் கையில் மூடிகளைக் கொடுத்துவிடுகிறார்கள். ஊரையும் பெயரையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி நூலால் கட்டியிருப்பார்கள். நேற்று வந்த மூடியில் காகிதம் இல்லை, வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. கண்டக்டருக்கும் யார் கொடுத்தது என்று ஞாபகமில்லை. உள்ளே ஓரத்தில் பருப்பு காய்ந்து ஒட்டியிருந்தது. கழுவி, வாசர் போட்டு, கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறேன். சொந்தக்காரர் பார்த்தால் அடையாளம் தெரியாமலா போகும்?